அண்ணனின் 51-வது வயதில் எடுத்த நிராமயா காப்பீடு

அண்ணனுக்கு டவுன் சின்ட்ரோம், பிறவியிலேயே வரும் ஓர் அறிவுசார் குறைபாடு. அம்மா இறந்த பிறகு மதுரையில் என்னோடுதான் இருக்கிறார். 51 வயது முடிந்த சமயத்தில் மாடிப்படி இறங்க மறுக்க ஆரம்பித்தார். தினமும் சாயங்காலம் பால் வாங்கி வருகிறவர், பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார். வயதானால் வரும் பிடிவாதம் என்று நாங்களே முடிவுகட்டி 2 மாதத்தை வீணாக்கினோம். பார்த்தால், இரண்டு கண்ணிலும் புரை. அதைச் சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை, பாவம்.

தனியார் காப்பீட்டு முகவர் ஒருவர், டவுன் சின்ட்ரோம் என்று சொன்னதுமே படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். அப்புறம்தான் ஒரு சிறப்புப் பள்ளி ஆசிரியை நிராமயா பற்றிச் சொல்லி, அவர்கள் பள்ளி மூலமாகவே பதிந்தும் கொடுத்தார். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் திட்டம் இது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வயது வரம்பு கிடையாது, முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனையும் கேட்பதில்லை. நான் கட்டியது 500 ரூபாய். 5 வயதுக் குழந்தைக்கும் அண்ணனுக்கும் ஒரே கட்டணம் என்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எந்த மருத்துவமனையிலும் பார்க்கலாம். ஆனால் பணத்தை முதலில் நாம் கட்டித்தான் பிறகு வாங்க வேண்டும். அண்ணன் அசையாமல் படுக்கமாட்டார் என்பதால் முழு மயக்கம் கொடுத்தே கண்ணில் அறுவை செய்தார்கள், செலவு கூடியது. அசல் பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் வீடு வந்த 30 நாளுக்குள் அனுப்புங்கள். ஒவ்வொரு வகைச் செலவுக்கும் தனி உச்சவரம்பு உண்டு, 1 லட்சத்தையும் ஒரே சிகிச்சைக்கு வாங்க முடியாது.

எனக்குள்ள கவலை வேறு. டவுன் சின்ட்ரோமில் 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும். அல்சைமரோடு தொடர்புள்ள ஒரு மரபணு அதில்தான் இருக்கிறது. அதனால் 50 வயதை ஒட்டியே மறதி நோய் தொடங்கலாம். அப்போது பகல் முழுக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்துக்கு இந்தக் காப்பீட்டில் வழியில்லை. அதையும் சேர்த்தால்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கும்.

அண்ணன் மறுபடி பால் வாங்கப் போகிறார். அடுத்து தைராய்டும் காதும் பார்க்க வேண்டும். வெளிநோயாளிச் செலவுக்கும் இதில் இடமுண்டு என்பதால், காப்பீட்டு வருடம் முடியும் மார்ச் 31-க்கு முன்பே புதுப்பிக்கப் போகிறேன்.