வடசென்னையில் எந்தக் கோயில், எந்தச் சபை: ஓர் ஒப்பீடு

செவ்வாய்க்கிழமை ஆர்மீனியன் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. ஊரே அந்தோணியார் கோயில் என்று சொல்லும் கத்தோலிக்கப் பேராலயத்துக்கு மெழுகுவத்தியும் கையுமாக வருகிறவர்களில் பலர் கிறிஸ்தவர்களே அல்ல. அதே தெருவில் சற்றுத் தள்ளி, 1712இல் எழும்பி 1772இல் இப்போதைய வடிவம் பெற்ற ஆர்மீனியர் தேவாலயம் ஆளரவமின்றி நிற்கிறது. முற்றத்தில் கல்லறைக் கற்களின் மேல்தான் நடந்தாக வேண்டும்.

இரண்டுக்கும் இடையிலான வழக்கு 451ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிறிஸ்துவுக்கு இறை இயல்பு, மனித இயல்பு என இரண்டு உண்டு என்று கல்சிதோனில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கம் வரையறுத்தது. இரண்டும் பிரிக்க முடியாதபடி இணைந்த ஓரியல்பு என்ற ஆர்மீனியர் அதை ஏற்கவில்லை. ஒரு காலத்தில் பேரரசையே உலுக்கிய அந்தச் சண்டையைப் பற்றி இன்று இந்தத் தெருவில் கவலைப்படுவார் யாருமில்லை. எனக்குத் தெரிந்தவரை வடசென்னையில் பிளவின் வயதும் அதன் சூடும் எதிரெதிராகவே ஓடுகின்றன. ஆகப் பழையது ஆறிவிட்டது. ஆக இளையதுதான் ஒரே வீட்டுக்குள் இரண்டு அடுப்பு வைக்கிறது.

கத்தோலிக்கரையும் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையையும் எடுத்துக்கொள்வோம். லுத்தர் 1517இல் பாவமன்னிப்புச் சீட்டுகளை எதிர்த்ததில் தொடங்கியது சீர்திருத்தம். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1534இல் போப்பின் அதிகாரத்தை அறுத்துக்கொண்டார். ஸ்காட்லாந்து 1560இல் மூப்பர் குழுக்கள் ஆளும் பிரஸ்பிட்டேரியன் வழிக்குத் திரும்பியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி மூட்டிய எழுப்புதலிலிருந்து மெதடிஸ்ட் பிரிவு வளர்ந்தது. இந்தப் பிரிவுகள் எல்லாம் கப்பலேறி இங்கே வந்து தனித்தனியாகக் கட்டடம் எழுப்பின. பிராட்வேயின் வெஸ்லி ஆலயம் மெதடிஸ்ட், பாரிமுனையின் ஆண்டர்சன் ஆலயம் ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. இரண்டும் இன்று சி.எஸ்.ஐ. ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் தனித்தனியாக இருந்தவை, 1947 செப்டம்பர் 27 அன்று புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒரே திருச்சபையாயின. தென்னிந்தியக் கிறிஸ்தவர்கள் உலகத்துக்குக் காட்டிய பெரிய காரியம் இதுதான் என்பேன்.

ராயபுரம் ராயப்பர் கோயிலிலும் ஒரு சி.எஸ்.ஐ. ஆலயத்திலும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் உட்கார்ந்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். முன்னதில் சுரூபங்கள், ஜெபமாலை, திருவிழாவுக்குக் கொடியேற்றம், தேர். பூசையில் அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது என்ற நம்பிக்கை. பாதர் மணம் செய்யாதவர். பின்னதில் பிரசங்கமும் பாமாலையும் முன்னிற்கும். ஐயர் என்று அழைக்கப்படும் போதகருக்கு மனைவி மக்கள் உண்டு. பெண்களும் குருவாகலாம், 2013இல் ஒரு பெண் பேராயராகவும் ஆனார். கத்தோலிக்க ஆயரைப் போப் நியமிக்கிறார். சி.எஸ்.ஐ.யில் வாக்கெடுப்பு உண்டு. அதோடு கோஷ்டி உண்டு, வழக்கும் உண்டு. உயர் நீதிமன்றம் பக்கத்திலேயே இருப்பது வசதிதான்.

லுத்தரன் சபை இந்த இணைப்பில் சேரவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய மரபு அது. 1726இல் சென்னைக்கு வந்த ஷூல்ட்ஸேயும், வேப்பேரியில் பைபிளை மொழிபெயர்த்த பப்ரிசியுஸும் லுத்தரன்களே. ஆனால் அவர்களுக்குப் படியளந்தது ஓர் ஆங்கிலேய மிஷன் சங்கம். வேப்பேரியில் பின்னால் வந்த தகராறுக்கு அப்பமோ திராட்சை ரசமோ காரணமில்லை, சாதிதான் காரணம். 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்றபோது வேளாளக் கிறிஸ்தவர்கள் முறைத்துக்கொண்டார்கள். இறையியல் நூல்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகின்றன.

சூடு இருப்பது பெந்தெகொஸ்தேயில். 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து உலகெங்கும் பரவிய அலை அது. வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் மாடிவீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டிரம், ஒரு ஒலிபெருக்கி இருந்தால் சபை தயார். ஆவியின் ஏவுதலில் பேசும் அந்நிய பாஷை, சாட்சி, சுகமளிக்கும் ஜெபம். தனியாளாகத் துன்பப்படுகிறவரின் பெயரைச் சொல்லி அங்கே ஜெபிக்கிறார்கள். பெரிய ஆலயங்கள் இதை எப்போதோ மறந்துவிட்டன.

சிக்கல் தண்ணீரில். சி.எஸ்.ஐ.யில் குழந்தைக்குக் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கும், மறுபடி கொடுக்காது. பெந்தெகொஸ்தே சபைகளோ இரண்டையுமே ஏற்பதில்லை. விவரம் தெரிந்து மனந்திரும்பியவர் முழுக்கு எடுத்தாக வேண்டும். மகன் தொட்டியில் இறங்கினால், பிறந்தபோது பெற்றோர் செய்தது செல்லாது என்று அவன் சொல்வதாகத்தான் தாய்க்குப் படும். மாதா படம் சுவரிலிருந்து இறங்கும். சில சபைகளில் நகையும் கழற்ற வேண்டும், தாலி உட்பட. சம்பந்தி பேச வந்தவர்கள் எழுந்து போவது இந்த இடத்தில்தான்.

கலப்பு மணத்துக்குக் கத்தோலிக்கத் தரப்பு ஆயரின் அனுமதி கேட்கும், சி.எஸ்.ஐ. துணைவரின் ஞானஸ்நானச் சான்றிதழ் போதும், முழுக்கு வேண்டாம். மாடிவீட்டுச் சபையில் திருமணம் என்றால் வேறொன்றைக் கவனியுங்கள். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, ஆயரிடம் குருப்பட்டம் பெற்றவருக்கு அந்தப் பட்டமே போதும்; சுயாதீன சபைப் போதகருக்கு அரசு உரிமம் தேவை. பத்திரிகை அடிக்குமுன் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.