200 டாலரா, வீட்டு வரியில் 10 சதவீதமா? நியூயார்க் தன்னார்வலர்களுக்கு ஒரு கணக்கு

நியூயார்க் மாநிலத்தில் சம்பளம் இல்லாமல் தீயணைப்பிலோ ஆம்புலன்ஸிலோ ஓடுகிறவர்களுக்கு மாநிலத் தலைநகர் ஆல்பனியில் உள்ள சட்டமன்றம் மூன்று விதமாக நன்றி சொல்கிறது. முதலாவது பாராட்டுத் தீர்மானம். கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டலாம், அவ்வளவுதான். மற்ற இரண்டிலும் காசு இருக்கிறது. ஒன்று மாநில வருமான வரியில் 200 டாலர் கிரெடிட் (வரியிலிருந்து நேராகக் கழியும் தொகை), மற்றொன்று வீட்டு வரிக்காகப் போடும் வீட்டு மதிப்பீட்டில் 10 சதவீதம் வரை தள்ளுபடி. இரண்டையும் ஒருவரே சேர்த்து வாங்க முடியாது என்பதுதான் சிக்கல். வாடகைக்கு இருந்தவரை நான் கிரெடிட் வாங்கினேன். சொந்த வீடு வந்து, தகுதியும் வந்தபின் வீட்டு வரிப் பக்கம் மாறிவிட்டேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கிரெடிட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வரித் தாக்கலின்போது ஐடி-245 படிவத்தைச் சேர்க்க வேண்டும். வருடம் முழுக்க மாநிலத்தில் குடியிருந்து, வருடம் முழுக்கப் பணியிலும் இருந்திருக்க வேண்டும். கணவன், மனைவி இருவரும் தன்னார்வலர்களாக இருந்து சேர்ந்து தாக்கல் செய்தால் 400 டாலர். கட்ட வேண்டிய வரி இல்லாவிட்டாலும் ரீஃபண்டாக வந்துவிடும். சொந்த வீடா வாடகையா என்று யாரும் கேட்பதில்லை. 2007ஆம் வரி ஆண்டில் 200 என்று ஆரம்பித்தார்கள். விலைவாசி ஏறினால் கூடவே ஏறும்படி எந்த ஏற்பாடும் செய்யவில்லை.

வீட்டு வரிச் சலுகைதான் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டியது. முன்பு ஒவ்வொரு கவுண்டிக்கும் (பல ஊர்கள் அடங்கிய உள்ளாட்சி) ஆல்பனியில் தனித்தனிச் சட்டப் பிரிவு கொண்டுவர வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் அதை மாநிலம் முழுமைக்கும் பொதுவாக்கியது. உடனே எல்லோருக்கும் 10 சதவீதம் கிடைத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. மாநிலம் கொடுத்தது அனுமதி மட்டுமே. கவுண்டி, டவுன், வில்லேஜ், பள்ளி மாவட்டம், தீயணைப்பு மாவட்டம் என்று வீட்டு வரி வசூலிக்கும் ஒவ்வொன்றும் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தித் தனித்தனியாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்காத அமைப்பின் வரியில் ஒரு சென்ட் கூடக் குறையாது.

எனவே வீட்டு வரி பில்லை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலைப்பாகப் பாருங்கள். மொத்தம் 12,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் பள்ளிக்கு 7,500, கவுண்டிக்கும் டவுனுக்கும் சேர்த்து 3,500, மீதி சில்லறை. கவுண்டியும் டவுனும் மட்டும் ஏற்றிருந்தால் மிச்சம் சுமார் 350. பள்ளி மாவட்டமும் ஏற்றால் 1,100. வில்லேஜ் மட்டும் ஏற்று, அதன் வரி 900 என்றால் மிச்சம் வெறும் 90 டாலர். அதற்காக 200 டாலர் கிரெடிட்டை விடுவது வீண். தம்பதி இருவரும் பணியில் இருந்து, ஒருவரின் சேவையை வைத்து மட்டும் வீட்டு வரிச் சலுகை பெற்றால், மற்றவர் தன் 200 டாலர் கிரெடிட்டை வாங்கலாம். ஆகக்கூடி, பெரிய மிச்சம் பள்ளி மாவட்டத்தின் கையில் இருக்கிறது. பில்லில் பெரிய தொகை அதுதானே.

மற்ற நிபந்தனைகள் கடினமில்லை. சேவை செய்யும் ஊர் எல்லைக்குள்ளேயே வீடு இருக்க வேண்டும், அதில் நீங்களே குடியிருக்க வேண்டும், குறைந்தபட்சப் பணிக்காலத்தை (இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள்) ஊரே நிர்ணயிக்கும். உங்கள் தீயணைப்பு அல்லது ஆம்புலன்ஸ் டிபார்ட்மென்ட் தரும் சான்றோடு அசெஸரிடம் (வீட்டு மதிப்பைக் கணக்கிடும் அதிகாரி) விண்ணப்பம் போக வேண்டும். பெரும்பாலான டவுன்களில் கடைசி நாள் மார்ச் 1. தவறவிட்டால் அடுத்த வருடம்தான். சலுகை ஆளுக்கே தவிர வீட்டுக்கு அல்ல. விற்கும்போது, குறைந்த வரியைப் பார்த்து ஏமாறாதபடி வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நல்லது. இருபது ஆண்டுக்கு மேல் பணியாற்றியவர்களுக்கு ஆயுள் முழுக்கத் தரவும் ஊருக்கு அனுமதி உண்டு. நான் அந்தக் கட்டத்துக்கு இன்னும் வரவில்லை, அதனால் நடைமுறையில் எப்படி என்று அனுபவத்தில் சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்த இந்தச் சலுகையிலேயே உறுத்தும் இடமும் உண்டு. ஊர் வசூலிக்கும் மொத்தத் தொகை குறைவதில்லை, எனக்குக் குறைவது பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையில் ஏறுகிறது. அதைவிட, வாடகைக்கு இருக்கும் தன்னார்வலருக்கு இதில் எதுவுமே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பேஜர் அடித்தால் முதலில் வண்டியில் ஏறும் இளசுகளில் பாதிப்பேர் அப்படித்தான். ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் அவர்கள் வெளியே போனால், எல்லைக்குள் வீடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு என்ன அர்த்தம்?

கட்டுப்படியாகும் வீடுகள் விஷயத்தில் இதே ஆல்பனி வேகம் காட்டவில்லை. பத்தாண்டில் எட்டு லட்சம் வீடுகள் என்று ஆளுநர் ஹோக்கல் 2023இல் கொண்டுவந்த திட்டம் புறநகர்களின் எதிர்ப்பில் சட்டமன்றத்திலேயே படுத்துவிட்டது. லாங் ஐலண்டின் கிழக்குக் கோடியில் மட்டும், மாநிலம் அனுமதித்தபடி, ஈஸ்ட் ஹாம்ப்டன், சவுத்ஹாம்ப்டன், சவுத்தோல்ட், ஷெல்டர் ஐலண்ட் ஆகிய நான்கு டவுன்களின் வாக்காளர்கள் 2022 நவம்பரில் வீட்டு விற்பனைமீது கூடுதலாக அரை சதவீத வரிக்குச் சம்மதித்தார்கள். அந்தப் பணம் சமுதாய வீட்டு நிதிக்குப் போகிறது. என்னைக் கேட்டால், தன்னார்வலர் தட்டுப்பாட்டுக்கு என் 10 சதவீதத்தைவிட அதுதான் மருந்து.

சரி, வாடகைதாரர் கண்ணை மூடிக்கொண்டு ஐடி-245 போடலாம். வீட்டுக்காரர் முதலில் அசெஸர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, எந்தெந்த அமைப்பு ஏற்றிருக்கிறது என்று கேட்கட்டும். எங்கள் பள்ளி மாவட்டம் இன்னும் ஏற்கவில்லை. அடுத்த போர்டு கூட்டத்தில் பேச டிபார்ட்மென்டிலிருந்து சிலர் பெயர் கொடுத்திருக்கிறோம்.