5 கிலோ கோகோபீட் கட்டி: தோழியின் மாடியைப் பார்த்து வாங்குபவர்களுக்கு

தோழி வீட்டு மாடித் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த கையோடு பலரும் வாங்குவது இந்தத் தேங்காய் நார்த்தூள் (கோகோபீட்) கட்டியைத்தான். வாங்கலாம். 20–25 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தால் ஏறக்குறைய 70 லிட்டர் தூளாகப் பெருகும். ஆனால் கழுவாத மலிவுக் கட்டிகளில் உப்பு அதிகம். மிளகாய், கத்தரி நாற்றுகளின் இலைநுனி கருகும். சாக்கில் போட்டு இரண்டு மூன்று முறை அலசினால் சரியாகும்.

சத்து என்று இதில் பெரிதாக எதுவும் கிடையாது. அதனால் இப்படிக் கலந்துகொள்ளுங்கள்: தூள் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, செம்மண் 1 பங்கு, செடி வளர்க்கும் பைக்கு ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. தோழியின் செடி செழித்திருப்பது பெரும்பாலும் கலவையால்தான், பையின் நிறத்தால் அல்ல!

வெயில் 4 மணி நேரம்தானா? தக்காளியை விடுங்கள். புதினாவும் கீரையும் போதும், பெருமையாகவே காட்டலாம். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். விரலை விட்டுப் பார்த்தபின் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லையேல் வேர் அழுகும்.