ஈயம், ஃப்ளக்ஸ், போர்டு கழுவுதல்: உப்புக்காற்று ஊரில் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

சால்டரிங், அதாவது மின்னணுப் பாகங்களை ஈய ஒயரை உருக்கிப் போர்டில் பற்ற வைப்பது, கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் எந்த அயர்ன் வாங்கலாம் என்றுதான் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. என்ன ஈய ஒயர், அதன் உள்ளே என்ன ஃப்ளக்ஸ் (செம்பின் மேலுள்ள ஆக்சைடை நீக்கி ஈயத்தை ஒட்ட வைப்பது), வேலை முடிந்ததும் எதை வைத்துத் துடைக்கப் போகிறாய்? இந்த மூன்றையும் தனித்தனியாக வாங்கக் கூடாது. ஃப்ளக்ஸை மாற்றினால் கழுவும் முறையும் மாறும். ஒயரை மாற்றினால் சூடு மாறும், சூடு மாறினால் ஃப்ளக்ஸ் நடந்துகொள்கிற விதமும் மாறும். நான் இருப்பது தூத்துக்குடியில். வருடம் முழுக்க உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகையில் விடாத ஈரம். இந்த ஊரில் ஒரு போர்டு எத்தனை வருடம் ஓடும் என்பதை அயர்னை விட இந்த மூன்றும்தான் முடிவு செய்கின்றன.

முதலில் ஒயர். 60/40 என்றால் வெள்ளீயம் 60, காரீயம் 40. இது 183 டிகிரியில் இளக ஆரம்பித்து 190 டிகிரி வாக்கில்தான் முழுக்க உருகும். நடுவில் உள்ள அந்த ஏழு டிகிரியில் கூழாக நிற்கும். 63/37 அப்படி இல்லை. 183 டிகிரியில் ஒரேயடியாக உருகும், ஒரேயடியாக உறையும். ஏழு டிகிரிக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். கையில் ஒரு மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு பேடின் (போர்டிலுள்ள செம்புப் பொட்டு) மேல் பற்ற வைத்துப் பாருங்கள். உறைகிற நேரத்தில் விரல் லேசாக ஆடினால் 60/40 ஜாயின்ட் சொரசொரவென்று சாம்பல் நிறத்தில் உறையும். பார்க்க ஒட்டியது போல இருந்தாலும் உள்ளே விரிசல் இருக்கும். 63/37 சட்டென்று உறைந்துவிடுவதால் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. பல வருடம் 60/40 போட்ட பிறகு 63/37-க்கு வந்தேன், திரும்பிப் போகவில்லை.

ஆனால் ரோலின் மேல் அச்சடித்திருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். காரீயத்தை விட வெள்ளீயம் பல மடங்கு விலை. அதனால் மலிவு ரோல்களில் வெள்ளீயத்தைக் குறைத்துவிடுகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில், "எல்லாரும் இதுதான் சார் வாங்குறாங்க" என்று கொடுத்த 60/40 ரோல் அப்படித்தான் இருந்தது. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வெள்ளீயம் 40, காரீயம் 60 என்று இருந்தால் அது முழுக்க உருக 238 டிகிரி ஆகும். ஸ்டேஷனை (சூட்டை மாற்றி வைக்கக்கூடிய அயர்ன்) 215 டிகிரியில் வைத்துவிட்டு, ஏற்கெனவே நம்பிக்கையான ஒரு ஒயரை முனையில் தொட்டுப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு பரவும். அடுத்து சந்தேகமான ஒயரைத் தொடுங்கள். அது நொளநொளவென்று குவிந்து, பரவாமல் நின்றால் வெள்ளீயம் குறைவு என்று அர்த்தம். மலிவு ஸ்டேஷன்களின் சூடு சரியாக இருக்காது என்பதால்தான் நல்ல ஒயரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்கிறேன்.

தடிமன் விஷயத்தில் என் முடிவு சுலபமானது. கடைகளில் சாதாரணமாகத் தருகிற 18 கேஜ் ஒயர் 1.2 மி.மீ. இருக்கும். ஐசி கால்களுக்கு அது அதிகம். ஒரு தொடலில் இரண்டு கால்களையும் சேர்த்து மூடிவிடும். 22 கேஜ், அதாவது 0.7 மி.மீ. வாங்குங்கள். எஸ்எம்டி வேலை (துளையில்லாமல் போர்டின் மேற்பரப்பிலேயே சின்னப் பாகங்களைப் பற்ற வைப்பது) என்றால் 0.5 மி.மீ. போதும்.

காரீயமில்லா ஒயரையும் நெடுநாள் பயன்படுத்தியிருக்கிறேன். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவில் விற்கிற பெரும்பாலான மின்னணுச் சாமான்களில் காரீயத்துக்குத் தடை வந்ததும் கம்பெனிகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பின. அதில் பிரபலமானது எஸ்ஏசி305: வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 சதவீதம், 217 முதல் 220 டிகிரிக்குள் உருகும். வெள்ளி இல்லாத, செம்பு மட்டும் 0.7 சதவீதம் சேர்ந்தது விலை குறைவு, ஆனால் 227 டிகிரி கேட்கும். இரண்டுக்கும் முனையை 360, 370 டிகிரிக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. வெள்ளீயம் அதிகமான ஒயர் முனையின் இரும்புப் பூச்சையும் வேகமாகத் தின்கிறது. நம் கடைகளில் கிடைக்கிற பழுப்பு நிற ஒற்றைப்பக்க போர்டில் அந்தச் சூட்டோடு சற்று நேரம் நின்றால் பேட் பெயர்ந்து வந்துவிடும். வீட்டு வேலைக்கு நான் 63/37-தான் சொல்வேன். பள்ளிப் பிள்ளைகள் உட்காருகிற மேசைக்கு மட்டும் காரீயமில்லாததுதான். அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

138 டிகிரியில் உருகும் பிஸ்மத் கலவையும் இருக்கிறது. சூடு தாங்காத எல்இடி, பிளாஸ்டிக் கனெக்டர் ஆகியவற்றுக்கு நல்லது, அதிர்வு தாங்காது. இதைக் காரீயம் கலந்த பழைய ஜாயின்ட்டின் மேல் போடவே கூடாது. வெள்ளீயம், காரீயம், பிஸ்மத் மூன்றும் சேர்ந்தால் 96 டிகிரியில் உருகுகிற கலவை உருவாகும். பக்கத்தில் ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசி சூடானால் ஜாயின்ட் தானாகவே இளகிவிடும்.

காரீயம் பற்றிய பயம் நியாயமானதுதான், ஆனால் பலரும் தவறான இடத்தில் பயப்படுகிறார்கள். அயர்ன் சூட்டில் காரீயம் ஆவியாவதில்லை. மேலே எழுகிற புகை ஃப்ளக்ஸிலிருந்து வருவது. அதற்காக அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃப்ளக்ஸிலுள்ள ரோசின் என்ற பிசினின் புகையைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். முகத்துக்கு எதிரே வராதபடி ஒரு சின்ன ஃபேன் வைத்துப் புகையை ஜன்னல் பக்கம் இழுத்துவிடுங்கள். காரீயம் உள்ளே போவது விரல் வழியாக. ஒயரைத் தொட்ட கையோடு முறுக்கு எடுத்துத் தின்னக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு தின்னலாம்.

அடுத்து ஃப்ளக்ஸ். அதிகச் சேதம் நடப்பது இங்கேதான். வட்டமான சின்ன டப்பாவில், மஞ்சள் நிறத்தில், 'சால்டரிங் பேஸ்ட்' என்று விற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் பல டப்பாக்களில் ஜிங்க் குளோரைடு அல்லது அம்மோனியம் குளோரைடு இருக்கிறது. குழாயும் தகரமும் பற்ற வைக்க அது வேண்டும். போர்டில் அது எமன். டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதியிருக்கவில்லை என்றால் இப்படிப் பாருங்கள். காப்பர் கிளாட் (செம்புத் தகடு ஒட்டிய வெற்று போர்டு) துண்டு ஒன்றை ஸ்டீல் உல்லால் பளபளவென்று தேய்த்து, ஒரு ஓரத்தில் பேஸ்டையும் மறு ஓரத்தில் ரோசின் ஃப்ளக்ஸையும் பொட்டு வையுங்கள். அயர்னால் லேசாகச் சூடு காட்டி, குளியலறை அலமாரியில் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். குளோரைடு உள்ள பேஸ்டைச் சுற்றிப் பச்சை வளையம் படர்ந்திருக்கும். விரலால் தேய்த்தாலும் போகாது, செம்பு அரித்திருக்கும். ரோசின் பக்கம் பனங்கற்கண்டு நிறத்தில் இறுகி, அதன் அடியில் செம்பு அப்படியே மின்னும்.

ரோசின் என்பது பைன் மரப் பிசினிலிருந்து வருவது. குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக, எதனோடும் சேராமல் இருக்கும். சூடாக்கினால் அதிலுள்ள அமிலம் வேலை செய்து செம்பின் மேலுள்ள ஆக்சைடை நீக்கும். ஆறினால் மறுபடி இறுகி, மீதிக் கசடை உள்ளேயே பூட்டிவிடும். ஃப்ளக்ஸ் வாங்கும்போது குறியீட்டைப் பாருங்கள். 'ஆர்ஓ' என்றால் ரோசின், 'எல்' என்றால் வீரியம் குறைவு, கடைசியில் பூஜ்யம் இருந்தால் ஹேலைடு (குளோரைடு போன்றவை) கிட்டத்தட்ட இல்லை. 'ஆர்ஓஎல்0' என்று போட்டிருந்தால் எனக்குப் போதும். சிரிஞ்சில் வருகிற ஜெல் வகை எஸ்எம்டி வேலைக்கு அருமையானது. ஆனால் பெரிய வெளிநாட்டுப் பெயர் ஒட்டிய போலிகள் நிறைய வருகின்றன. வாங்கியதும் அந்தக் காப்பர் துண்டுச் சோதனையைச் செய்யாமல் நான் எந்த சிரிஞ்சையும் நம்புவதில்லை. வெறும் ரோசின் கட்டியைப் பொடித்து, நான்கு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து மூடியில் பிரஷ் உள்ள பாட்டிலில் வைத்துக்கொண்டாலே வீட்டு வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

'நோ கிளீன்' என்று எழுதியிருக்கிறதே, அதைக் கழுவ வேண்டாமா என்று கேட்பார்கள். இந்த வகை தொழிற்சாலைகளில் பரவியதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் போர்டுகளை சிஎஃப்சி-113 என்ற திரவத்தில் கழுவினார்கள். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் வந்த மான்ட்ரியல் உடன்படிக்கை அதற்கு முடிவு கட்டியது. கழுவவே தேவைப்படாத ஃப்ளக்ஸுக்கு மவுசு கூடியது. தொழிற்சாலை அடுப்பில் போர்டு முழுக்க ஒரே சூட்டுக்குப் போகிறது, ஃப்ளக்ஸும் முழுக்க வெந்துவிடுகிறது. நம் மேசையில் அப்படி நடப்பதில்லை. சிரிஞ்சிலிருந்து பிதுக்கியதில் பாதி அயர்ன் சூடு எட்டாத இடத்துக்கு ஓடிவிடும். வேகாத நோ கிளீன் வீரியத்தோடேயே இருக்கும். அதனால் கையால் பற்ற வைத்ததை, டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும், நான் கழுவுகிறேன்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு எங்கள் தெருவிலேயே சாட்சி இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் மொட்டைமாடித் தொட்டிக்கு, நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துகிற ஒரு லெவல் கண்ட்ரோலர் வாங்கி மாட்டியிருந்தார். கோடையில் ஒழுங்காக ஓடியது. மழைக்காலம் வந்ததும் இரவில் தொட்டி பாதி நிறைவதற்குள் மோட்டார் நின்றுவிடும். மறுநாள் உச்சிவெயிலில் தானாகச் சரியாகிவிடும். திறந்து பார்த்தால் ஐசி கால்களுக்கு நடுவே பழுப்புப் பேஸ்டும், அதன் ஓரங்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடியும். அதில் சிமாஸ் கேட்டின் (இன்புட் வோல்டேஜைப் பார்த்து ஆன், ஆஃப் முடிவு செய்கிற ஐசி) இன்புட்டை 4.7 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டில் பிடித்திருந்தார்கள். பக்கத்திலேயே 12 வோல்ட் ஓடுகிற ட்ராக், அதாவது செம்புக் கோடு. பவரை எடுத்துவிட்டு, அந்த ட்ராக்குக்கும் இன்புட்டுக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். நண்பகலில் தடை மீட்டர் எல்லைக்கு வெளியே இருந்தது. மழை பெய்த இரவில் ஒரு மெகா ஓம் பக்கம் வந்துவிட்டது. கணக்குப் போட்டால் இன்புட்டில் கிட்டத்தட்ட 10 வோல்ட் வரும். தொட்டியின் மேல்மட்டக் கம்பியைத் தண்ணீர் தொட்டுவிட்டது என்று கேட் நினைத்து மோட்டாரை நிறுத்தியது. ஒரு பாகம்கூட மாற்றவில்லை. கழுவிக் காயவைத்து மாட்டினோம், அந்த மழைக்காலம் முழுக்க ஒழுங்காக ஓடியது. இதையே இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஈரமும் உப்பும் டிசி வோல்டேஜும் சேர்ந்து ஒரு ட்ராக்கின் உலோகத்தைக் கரைத்து மற்றதிலிருந்து முடி போல வளரச் செய்திருக்கும். அப்புறம் நேரடி ஷார்ட்தான்.

சரி, எதை வைத்துக் கழுவுவது? ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதத்துக்குக் குறையாதது. மருந்துக்கடையில் கிடைக்கிற 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர்தான், ரோசினைச் சரியாகக் கரைக்காது. சானிடைசரில் கிளிசரின் வேறு கலந்திருக்கும், அது போர்டில் பிசுபிசுவென்று நிற்கும். தின்னரும் அசிட்டோனும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். முன்பு ரிப்பேர் கடைகளில் சிடிசி என்று ஒன்றை வைத்துத் துடைத்தார்கள், அதாவது கார்பன் டெட்ராகுளோரைடு. கல்லீரலைக் கெடுக்கிற விஷம் அது. எந்த மூலையிலாவது பழைய பாட்டில் கிடந்தால் திறக்காதீர்கள். ஆல்கஹாலும் விளையாட்டுப் பொருள் இல்லை. 12 டிகிரியிலேயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி கிளம்பும். அயர்னை அணைத்து, அது ஆறிய பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

முறைதான் முக்கியம். பல் தேய்க்கிற பழைய பிரஷின் மயிரைப் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள், விறைப்பாக இருக்கும். போர்டைச் சாய்த்துப் பிடித்து, ஆல்கஹால் ஊற்றி, ஒரே திசையில் தேயுங்கள். கரைந்த ரோசின் கீழ் ஓரத்துக்கு ஓடி வரும். இங்கே நிறுத்தினால் ஆல்கஹால் பறந்து, கரைந்ததெல்லாம் மெல்லிய படலமாக அங்கேயே படியும். இது கழுவாததை விட மோசம். ரோசின் பூட்டி வைத்திருந்த கசடைத் திறந்துவிட்டுப் போர்டு முழுக்கப் பரப்பியதுதான் மிச்சம். காய்வதற்குள் டிஷ்யூ பேப்பரை போர்டின் மேல் விரித்து, அதன் மேலேயே ஆல்கஹால் விட்டு பிரஷால் தட்டுங்கள். அழுக்கு பேப்பரில் ஏறும். பேப்பரை எடுத்துவிட்டு, பாட்டிலிலிருந்து புதிதாக இன்னொரு முறை ஊற்றி அலசுங்கள். இந்தக் கடைசி அலசலைத்தான் பலரும் சிக்கனம் பார்த்து விட்டுவிடுகிறார்கள். காய்ந்த பின் வெள்ளையாகப் பூத்தால் பதற வேண்டாம். அந்த இடத்தில் அதே ஃப்ளக்ஸைக் கொஞ்சம் தடவி, அயர்னால் சூடு காட்டி, இளஞ்சூடாக இருக்கும்போதே மறுபடி கழுவினால் பெரும்பாலும் போய்விடும்.

தண்ணீரில் கரையும் ஃப்ளக்ஸ் வாங்கினால் அன்றைக்கே கழுவியாக வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. கழுவ டிஸ்டில்டு வாட்டர்தான். எங்கள் ஊர் போர் தண்ணீரில் கழுவினால் ஒரு உப்பை எடுத்துவிட்டு இன்னொரு உப்பைப் பூசியதாகிவிடும்.

எல்லாவற்றையும் முக்கிக் கழுவவும் முடியாது. மூடியில்லாத ரிலே, வேரியபிள் ரெசிஸ்டர், கண்டென்சர் மைக், காற்றின் ஈரத்தை அளக்கிற சென்சார்கள் ஆகியவற்றில் ஃப்ளக்ஸ் கரைந்த ஆல்கஹால் உள்ளே போனால் வெளியே எடுக்க வழியில்லை. பஸ்ஸரின் வாயில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் இதற்காகத்தான். கழுவி முடித்த பிறகு உரியுங்கள். மற்றதைக் கழுவிக் காயவைத்துவிட்டு, இவற்றைக் கடைசியில் நல்ல ரோசின் ஒயரால் மட்டும் பற்ற வைத்து அப்படியே விட்டுவிடுவது என் வழக்கம். வீட்டுக்குள் ஓடுகிற எல்இடி விளக்கு, ஆர்டுயினோ பழகுகிற போர்டு ஆகியவற்றையும் ரோசின் ஒயர் மட்டும் போட்டிருந்தால் கழுவாமல் விட்டாலும் ஒன்றும் ஆகாது.

மாடிக்கும் தோட்டத்துக்கும் போகிற போர்டுகளுக்குக் கழுவிய பின் பிசிபி வார்னிஷ் அடிக்கிறேன். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் அடித்தால் ஈரத்தையும் உள்ளேயே வைத்துப் பூட்டியது போல ஆகிவிடும். வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, போர்டு கைக்குச் சூடாக இருக்கும்போதே மெல்லிசாக இரண்டு முறை அடிப்பது நன்றாக ஒட்டுகிறது. கனெக்டரின் கால்களையும் புரோகிராம் ஏற்றுகிற பின்களையும் முன்கூட்டியே டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.