சுடுதண்ணிக்கு எதைப் பூட்டுவது? ஒரு யாழ்ப்பாணத்து வீட்டுக் கணக்கு

முந்தின வருசம் மார்கழியில் ஒரு நாள், விடியப்புறம் நாலரை மணி. கோயிலுக்குப் போக அம்மா குளிக்கப் போனார். இரண்டு நிமிடம் ஆகவில்லை, வீடு முழுக்க இருட்டு. ட்ரிப் சுவிச் விழுந்திருந்தது. தூக்கிவிட்டால் திரும்பவும் விழுந்தது. பாத்ரூமில் இருந்த, தண்ணீர் ஓட ஓடச் சூடாக்குகிற இன்ஸ்டன்ட் ஹீற்றரின் பிரேக்கரைக் கீழே இறக்கிய பிறகுதான் மற்ற லைட்டுகள் வந்தன. அதற்குள் அம்மா துவாயோடு கிணற்றடிக்குப் போய், இரண்டு வாளி அள்ளி வார்த்துவிட்டுக் கோயிலுக்கும் போய்விட்டார். 76 வயது.

பகலில் வந்த எலக்ட்ரீசியன் தம்பி ஹீற்றரைக் கழற்றி, சூடாகிற கம்பிச் சுருளை வெளியே எடுத்துக் காட்டினார். கம்பியைக் காணவில்லை. அதைச் சுற்றி வெள்ளையாக, சொரசொரவென்று, முருகைக்கல் துண்டு ஒன்று இருந்தது. விரலால் தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே ஓர் இடத்தில் உறை வெடித்திருந்தது.

"அண்ணை, கோண்டாவில் தண்ணியிலை இது மூண்டு வருசம் ஓடினதே பெரிய விசயம்."

அதே மாதிரி இன்னொன்றை வாங்கி அன்றைக்கே பூட்டியிருக்கலாம். ஆனால் கறண்ட் பில்லும் மனதை உறுத்திக்கொண்டிருந்தது. விசாரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கூரைக்குக் கண்ணாடிக் குழாய்ச் சோலர் என்றார். டொரொன்டோவிலிருந்து அக்கா, "ஹீற் பம்ப் போடு, இஞ்சை எல்லாரும் அதுக்குத்தான் மாறீனம்" என்றார். எலக்ட்ரீசியன் தம்பி 30 லீற்றர் கீசர், அதாவது தொட்டியில் சூடாக்கி வைக்கிற ஹீற்றர், போதும் என்றார். அம்மாவுக்கோ எதுவும் தேவையில்லை, விறகே போதும்: "ஊமலும் பொச்சுமட்டையும் மலையாக் கிடக்கு, ஏன் தம்பி காசைக் கரியாக்கிறாய்?"

சரி, எதை வாங்குவது என்பதற்கு முன்னால் எவ்வளவு சூடு வேண்டும் என்று பார்ப்போம் என்று, மீன் தொட்டிக்குள் வைக்கிற தேர்மாமீற்றரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தை மாதக் காலை ஆறு மணிக்கு, கூரைக்கு மேலே இருக்கிற தாங்கியிலிருந்து வந்த தண்ணீர் 24 பாகை. மோட்டரைப் போட்டு, கிணற்றிலிருந்து நேரே வந்ததைப் பிடித்துப் பார்த்தால் 28. நிலத்துக்கடியில் இருக்கிற தண்ணீர் வருசம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். மேலே கறுப்புத் தாங்கியில் கிடப்பதுதான் இரவுப் பனிக்குக் குளிர்ந்துபோகிறது. விடியற்காலையில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்று அம்மா சொல்லுவது வெறும் பழக்கப் பேச்சில்லை. குளிக்க 40 பாகை வேண்டுமென்றால் தாங்கித் தண்ணீரை 16 பாகை ஏற்ற வேண்டும், கிணற்றுத் தண்ணீரை 12 பாகைதான். தாங்கி அடிமட்டத்தில் இருக்கும்போது, முதல் நாள் பின்னேரம் நிரப்பாமல் விடியக் காலையில் மோட்டர் போட்டாலே சூடாக்குகிற செலவில் கால்வாசி வரை குறையும். எதையும் வாங்கத் தேவையில்லை. அதே தாங்கி பங்குனி மாதத்துப் பின்னேரம் மூன்று மணிக்கு 39 பாகை காட்டியது. அந்த நேரத்தில் ஹீற்றரைப் போடுகிறவரை என்னவென்று சொல்வது.

இனி யூனிற் கணக்கு. யூனிற் விலை 2022க்குப் பிறகு ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதால் ரூபாயில் எழுதினால் நாளைக்கே பிழையாகிவிடும். ஒரு யூனிற் மின்சாரம் 860 லீற்றர் தண்ணீரை ஒரு பாகை ஏற்றும். ஒருவருக்கு 30 லீற்றர், 16 பாகை என்றால் அரை யூனிற்றுக்குச் சற்று மேல். நாங்கள் ஐந்து பேர், நாளுக்கு 2.8 யூனிற், மாதம் 84. ஹீற்றர் இல்லாமல் எங்கள் வீடு மாதம் நூறு யூனிற் வாக்கில் எடுக்கும். 84ஐக் கூட்டினால் 180ஐத் தாண்டுகிறது. பில்லைத் திருப்பிப் பாருங்கள், 180க்கு மேல்தான் கடைசிப் படி, விலை கூடின படி. சுடுதண்ணி எங்களைத் தள்ளிவிட்ட இடம் அது.

இன்ஸ்டன்ட் ஹீற்றர் கறண்டைக் குடிக்கிறது என்று எல்லோரும் திட்டுகிறார்கள். அது முழு நியாயமில்லை. எடுக்கிற மின்சாரம் முழுவதும் தண்ணீருக்குள்தான் போகிறது, தேக்கி வைத்து ஆறவிடுகிற வேலையே இல்லை. அதன் குறை வேறு. 3.5 கிலோவாற் ஹீற்றர் ஒரேயடியாக 15 அம்பியர் இழுக்கும். பழைய வீட்டு வயரிங்கில் மெல்லிய வயரில் பூட்டினால் வயர்தான் முதலில் சூடாகும். நிமிடத்துக்கு மூன்று லீற்றர் அளவில்தான் சூடான தண்ணீர் வரும், அதற்கு மேல் திறந்தால் பச்சைத் தண்ணி. எல்லாவற்றையும் விட, எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீருக்கும் அந்த ஒடுங்கின சூட்டறைக்கும் ஒத்துப்போகாது. சுண்ணாம்பு படிவது சூடு கூடக் கூட அதிகமாகும், 60 பாகைக்கு மேலே வேகமாகும். கம்பியின் மேற்பரப்போ அதை விடச் சூடு. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியை ஒருதரம் பாருங்கள். கேத்தலைத் தேசிக்காய்ப் புளி விட்டுக் கழுவலாம், சுவரில் இருக்கிறதை யார் கழுவுவது?

கூரைச் சோலரில் எனக்கு மெய்யாகவே ஆசை இருந்தது. இவ்வளவு வெயிலுக்குள் இருந்துகொண்டு தண்ணீர் சூடாக்கக் கறண்டுக்குக் காசு கட்டுவது யோசித்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் பிளேட்டில், அதாவது கொங்கிறீற் கூரையில், ஏறிப் பார்த்தேன். 100 லீற்றர் தொட்டி, அதற்குக் கீழே கறுப்புக் கண்ணாடிக் குழாய்கள், தெற்குப் பார்த்துச் சரித்துப் பூட்டியிருந்தது. சித்திரையில் கையை வைத்தால் கொப்பளிக்கும். ஆனால் சித்திரையில் சுடுதண்ணி யாருக்கு வேண்டும்? எங்களுக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்க்கிறது. குளிருகிறது என்று பிள்ளைகள் சிணுங்குகிற கார்த்திகையில் வானம் மூன்று நாள் மூடிக் கிடந்தால், உள்ளே இருக்கிற கறண்ட் கம்பியைத்தான் போட வேண்டும். தையும் மாசியும் இதற்கு நல்ல மாதங்கள்: பகலில் பளீரென்ற வெயில், விடியலில் பனி.

பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த வில்லங்கம் இரண்டு. முதலாவது, தொட்டியிலிருந்து குளியலறைக்குச் சாதாரண பீவீசி பைப்பையே இழுத்திருந்தார்கள். ஒரு கோடையில் அது இளகி, கொடிக்கயிறு மாதிரித் தொய்ந்து, மூட்டுக்கு மூட்டு ஒழுகத் தொடங்கிவிட்டது. சுடுதண்ணிக்கென்று வருகிற சீபீவீசி அல்லது பீபீஆர் பைப்தான் போட வேண்டும். இரண்டாவது, தென்னை. காற்றுக்கு விழுந்த ஒரு குரும்பை இரண்டு குழாய்களை முடித்துவிட்டது. பனையோ தென்னையோ கூரைக்கு மேலே சாய்ந்து நிற்கிற வளவில் கண்ணாடிக் குழாய் வேண்டாம், தட்டைப் பலகை வகையைக் கேளுங்கள். பனஞ்சிலாகை போட்ட பழைய ஓட்டு வீட்டில் இரண்டையுமே நன்றாக யோசிக்க வேண்டும். தண்ணீர் நிரம்பினால் 150 கிலோவுக்குக் குறையாது. குருநகர், பருத்தித்துறை, தீவகம் என்று கடற்காற்று அடிக்கிற இடமென்றால் தாங்குகிற சட்டகம் என்ன உலோகம் என்பதையும் கேட்க வேண்டும்.

ஹீற் பம்ப் என்பது குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிப் போட்ட மாதிரி. குளிர்சாதனப் பெட்டி உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து முதுகுப் பக்கத்தால் வெளியே விடுகிறதல்லவா? இது வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சித் தொட்டித் தண்ணீருக்குள் விடுகிறது. சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு யூனிற் எடுத்து மூன்று, நாலு யூனிற்றுக்குரிய சூட்டைக் கொடுக்கும். அக்கா இருக்கிற ஊரில் மைனஸ் பாகைக் காற்றிலிருந்து அது சூட்டைப் பிழிந்தெடுக்க வேண்டும். எங்கள் 28 பாகைக் காற்றில் அதற்கு விளையாட்டு. மழை நாளிலும் வேலை செய்யும். ஒரு கிலோவாற்றுக்கு உட்பட்டு இழுக்கிற சின்ன வகைகள் இருப்பதால் ஜெனரேற்றரிலும் ஓடும். விடுகிற காற்றோ குளிர்காற்று. குசினிப் பக்கம் திருப்பி வைத்தால் சமைக்கிறவர்களுக்குப் புண்ணியம்.

எங்கள் வீட்டுக் கணக்கில் இது 2.8 யூனிற்றை, தொட்டியில் ஆறிப்போகிறதையும் சேர்த்து, ஒரு யூனிற் அளவுக்கு இறக்கும். அப்படியானால் மாதம் 50 யூனிற்றுக்கு மேல் மிச்சம். அருமைதான். ஆனால் நாங்கள் சுடுதண்ணியில் குளிப்பது கார்த்திகை முதல் மாசி வரை நாலு மாதம். வருசத்துக்கு இருநூற்றுச் சொச்சம் யூனிற்றை மிச்சம் பிடிக்க, இந்த வரிசையிலேயே விலை கூடின பொருளை வாங்கி, பழுதானால் திருத்தத் தெரிந்தவரையும் தேடிக்கொண்டு திரிய வேண்டும். டொரொன்டோவில் வருசம் முழுக்கச் சுடுதண்ணி. அக்காவின் கணக்கு அங்கே சரி.

நல்லூரில் அறைகள் வாடகைக்கு விடுகிற ஒரு நண்பருக்கு நானே ஹீற் பம்பைச் சொல்லியிருக்கிறேன். திருவிழா 25 நாளும் எட்டு அறையும் நிரம்பும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆவணி வெயிலிலும் சுடுதண்ணி கேட்பார்கள், ஏனென்று கேட்கக் கூடாது. அந்த மாதிரி இடத்துக்குச் சோலரும் பொருந்தும், தேவையும் வெயிலும் ஒரே மாதத்தில் வருகின்றன.

ஏற்கனவே கூரையில் மின்சாரச் சோலர் பூட்டியவர்கள் தண்ணீருக்கென்று தனியாக இன்னொரு சோலர் தேடத் தேவையில்லை. கீசரை மத்தியானத்தில் போட்டு விட்டால் போதும். 2025 சித்திரைப் புத்தாண்டு நாட்களில் கூரைச் சோலரைப் பகலில் அணைத்து வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது. நாட்டில் பகல் மின்சாரம் மிஞ்சுகிறது. மிஞ்சுகிறதைப் போட்டு வைக்கப் பற்றரியை விட மலிவான இடம் ஒரு தொட்டித் தண்ணீர்தான்.

விறகைப் பற்றி அம்மாவோடு வாதாட முடியாது. 90களில் கறண்டே இல்லாத காலத்தில் கிணற்றடியில் மூன்று கல் வைத்து, கிடாரத்தில் வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் கொதிக்க வைத்து, இரண்டு மருமகள்மாருக்குப் பிள்ளைப்பேற்றுக் குளிப்பு வார்த்தவர். இலைத் தண்ணீரைக் கீசருக்குள் விட முடியாது என்பதும் உண்மை. ஆனால் நாலரை மணிக்கு எழும்பிப் பன்னாடை கொளுத்தி ஊத ஆள் வேண்டும். புகையும் அவருடைய நெஞ்சுக்கு ஆகாது. காஸ் அடுப்பில் கேத்தல் வைத்து ஒரு வாளியில் கலப்பது ஒருவருக்கு என்றால் நல்ல வழி. காஸ் ஹீற்றரை மட்டும் மூடின குளியலறைக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மொனொக்சைட் மணக்காது, ஆளையே கொன்றுவிடும்.

கடைசியில் எலக்ட்ரீசியன் தம்பி சொன்னதைத்தான் வாங்கினேன்: 30 லீற்றர் கீசர், 55 பாகையில் திருகி வைத்து, ஒரு டைமரோடு. அந்த 30 லீற்றரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 58 லீற்றர் வரும், இரண்டு பேர் குளிக்கலாம். சூடாக அரை மணித்தியாலம், ஒரு யூனிற். இதிலும் ஒருவருக்கு அரை யூனிற்தானே, எங்கே மிச்சம் என்று கேட்பீர்கள். கீசர் ஒன்றும் அதிசயம் செய்யவில்லை, டைமர்தான் செய்கிறது. காலையில் ஒரு முறை, தேவைப்பட்டால் இரண்டு முறை. முடிந்ததும் தானாக அணைந்துவிடும், பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு கால் மணித்தியாலம் நிற்பதும் தானாக முடிந்துவிடும். டைமர் இல்லாமல் நாள் முழுக்கப் போட்டு வைத்தால், யாரும் குளிக்காமலே ஒரு யூனிற் வரை ஆறிப்போகும். அப்படிப் போட்டுவிட்டு மறக்கிற வீடென்றால் இன்ஸ்டன்ட் ஹீற்றரே மேல். பல நாள் பூட்டிக் கிடந்த பிறகு ஒரு முறை 60 பாகைக்கு மேல் ஏற்றி விடுங்கள், இளஞ்சூட்டில் தேங்கி நிற்கிற தண்ணீரில் லெஜியனெல்லா என்ற கிருமி வளரும்.

தொட்டி என்ன வகை என்று கடையில் கட்டாயம் கேட்க வேண்டும். உவர்த் தண்ணீரில் சாதாரணத் துருப்பிடிக்காத எஃகும் ஊசிக்குத்து மாதிரி ஓட்டை விழும். நான் எடுத்தது உள்ளே கண்ணாடிப் பூச்சுப் பூசியது, மக்னீசியக் கம்பி ஒன்றும் உண்டு. தொட்டிக்குப் பதிலாக அந்தக் கம்பி அரிபட்டுப்போவதற்காகவே வைத்திருக்கிறார்கள். இந்த மார்கழிக்கு முன்னால் கழற்றிப் பார்த்தோம். விரல் தடிப்பில் இருந்தது பென்சில் தடிப்புக்கு வந்திருந்தது. தொட்டியின் அடியில் ஒரு கைப்பிடி வெள்ளைச் சேறு. கழுவி ஊற்றி, புதுக் கம்பி போட்டு, மூடியில் திகதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். அம்மா அந்தச் சேற்றைப் பார்த்துவிட்டு, "இதைத்தானே இவ்வளவு காலமும் குடிச்சனாங்கள்" என்று சொல்லிவிட்டு மோட்டரைப் போடப் போனார்.