டிரெய்லர் லாரிக்கு ஆயில் டெம்பரேச்சர் மீட்டரும் கூலரும்: எது தேவை, எது தேவையில்லை

லாரி டேஷ்போர்டில் உள்ள சூட்டு முள் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டுகிறது. எஞ்சின் ஆயிலின் சூட்டைத் தனியே காட்டும் வண்டிகள் குறைவு. சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருப்பதால் தண்ணீரின் சூடு பெரும்பாலும் 80 முதல் 95 டிகிரிக்குள் நின்றுவிடும். ஆயிலோ பிஸ்டனின் அடிப்பக்கத்தையும் டர்போவின் பேரிங்கையும் நனைத்துவிட்டு, வண்டி இழுக்கும் பாரத்துக்கு ஏற்ற சூட்டோடு, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குத் திரும்புகிறது. தாழையூத்துப் பக்கமிருந்து சிமெண்ட் ஏற்றிக்கொண்டு தென்காசி வழியாகக் கொல்லம் போகும் எங்கள் பழைய டிரெய்லர் லாரிக்கு முதலில் இந்த மீட்டரையும், பிறகு ஆயிலை ஆற்றும் கூலர் ஒன்றையும் பொருத்தியது அதனால்தான்.

மீட்டர் 52 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்ட முகம் கொண்டது. 150 டிகிரி வரை காட்டும். பாளையங்கோட்டையில் தூத்துக்குடி சாலையோரப் பட்டறை ஒன்றில் பொருத்தினோம். விற்ற கடைக்காரர் சென்சாரை ஆயில் பில்டர் பக்கம் வைக்கச் சொல்லியிருந்தார்; மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணாச்சி, அங்க வச்சா, நாளைக்குக் கூலர் போட்டதும் அதுல ஆறுன எண்ணெயைத்தான காட்டும்? சம்புல வச்சாத்தான் உள்ள சூடு தெரியும்லா" என்று சொல்லி, பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரைன் பிளக் இடத்தில் அடாப்டர் போட்டுப் புதுக் காப்பர் வாஷருடன் முறுக்கினார். சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றப் போன பையனையும் தடுத்துவிட்டார். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் கிடைக்கிறது. டேப் அதைக் கெடுத்தால் முள் உண்மையான சூட்டைவிடக் குறைத்துக் காட்டும். குறைத்துக் காட்டும் மீட்டருக்கு, மீட்டர் இல்லாமலே இருந்துவிடலாம்.

ஆலங்குளம், பாவூர்சத்திரம் வரையிலான சமதளத்தில் முள் 100 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறத் தொடங்கியதும், தண்ணீர் முள் அசையாமல் இருக்கும்போதே ஆயில் முள் நகரத் தொடங்குகிறது. ஆயில் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறுவதால், ஏற்றம் முடிந்துவிட்டது என்று உடனே வேகமெடுப்பது சரியல்ல என்பதை இந்த மீட்டர்தான் எங்கள் ஓட்டுநருக்குக் காட்டிக்கொடுத்தது. சாரல் காலத்தில் சூடு குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் மேற்குக் காற்று, தார்ப்பாய் போர்த்திய பாரத்தை எதிரே நின்று தள்ளுவதால், குளிர்ந்த நாளிலும் ஆயில் நன்றாகவே சூடேறுகிறது.

முள் 120 டிகிரியை நெருங்கினால் ஓட்டுநர் இப்போது ஒரு கியரை முன்னதாகவே குறைத்து, வேகத்தையும் தளர்த்துகிறார். எஞ்சின் சுற்று கூடும்போது ஆயில் பம்பும் தண்ணீர் பம்பும் வேகமாகச் சுழல்கின்றன. மேல் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தி முக்கி இழுப்பதைவிடப் பிஸ்டனுக்கு இது இலகு. 130 டிகிரியைத் தாண்டினால் ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல் ஐடிலில் விட வேண்டும். சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. சூட்டுக்குப் பயந்து 15டபிள்யூ-40 தர ஆயில் ஊற்ற வேண்டிய எஞ்சினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்லும் ஆலோசனை நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும். கெட்டி ஆயில் உராய்வால் தானே சூட்டைக் கூட்டும் என்பதால் கம்பெனி புத்தகத்தில் உள்ளதை ஊற்றுவதே சரி.

கூலரைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியவில்லை. மலையேற்றத்தில் உச்சச் சூடு ஏறத்தாழ 10 டிகிரி இறங்கியது உண்மை. உள்ளேயே தெர்மோஸ்டாட் இருப்பதால் காலையில் ஆயில் சூடேறத் தாமதமாவதும் இல்லை. ஆனால் கிட்டுடன் வந்த ரப்பர் ஹோஸ்கள் மட்டமானவை. கிளாம்ப் ஓரத்தில் ஆயில் கசியத் தொடங்கியதால் ஹைட்ராலிக் கடையில் வேறு ஹோஸ் அடித்து வாங்க வேண்டியதாயிற்று. கேரளச் சேறு அதன் தகடுகளுக்குள் அப்பிக்கொள்வதால் அடிக்கடி கழுவவும் வேண்டும்.

தூத்துக்குடி துறைமுகத்துக்கும் நெல்லைக்கும் இடையே சமதளத்தில் மட்டும் ஓடும் வண்டிகளுக்கு மீட்டரே போதும். வாரன்டி உள்ள புது பிஎஸ்-6 (புகை மாசு விதிப்படி வந்த) வண்டியாக இருந்தால், டிரைன் பிளக்கில் கை வைப்பதற்கு முன் கம்பெனி சர்வீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.