14416-க்கு அழைக்கலாமா? தாராளமாக

கொரோனா காலத்தில் கல்லூரி முடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் 14416 என்ற எண்ணை இப்போதே போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் தமிழ்நாட்டில் நடக்கும் இலவச மனநல சேவை இது, மத்திய அரசின் டெலி மானஸ் திட்டத்தோடு சேர்ந்தது, 2022 அக்டோபரில் தொடங்கினார்கள், 24 மணி நேரமும் உண்டு. இது 2020-இலேயே வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். அப்போது 104 என்ற மருத்துவ உதவி எண் இருந்தது, சரி, ஆனால் அதில் மனநல ஆலோசனையும் தருவார்கள் என்று எங்கள் செட்டில் பலருக்குத் தெரியவே தெரியாது.

நாங்கள் அப்போது கடைசி செமஸ்டர். ஆஃபர் லெட்டர் வாங்கியவனுக்கும் எப்போது வேலையில் சேரச் சொல்வார்கள் என்று தெரியாது, செப்டம்பரில் அறைக்குள் உட்கார்ந்து ஆன்லைனில் பரீட்சை எழுதினோம், வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், ஆனால் மனசு சரியில்லை என்று வாயைத் திறந்தால் "வேளாவேளைக்குச் சோறு வருது, உனக்கென்ன குறை" என்பார்கள். வாட்ஸாப் குரூப்பில் நாள் முழுக்க மீம்ஸ் ஓடும், தூக்கம் வரவில்லை என்று மட்டும் ஒருத்தரும் எழுத மாட்டார்கள்.

எதையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும் அந்தப் பழக்கம் ஊரடங்கு முடிந்த பிறகும் போகவில்லை. முதலில் ஒரு தனியார் ஆப்பில் பணம் கட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். அப்புறம்தான் 14416. ஒரு அக்கா பேசினார். "சாப்டீங்களா, ராத்திரி தூக்கம் எப்படி?" என்று ஆரம்பித்தவர், நான் விட்டு விட்டுப் பேசியபோது குறுக்கே வராமல் "ம்... சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், "இதை உங்க ஃப்ரெண்ட்ஸ்ல யார்கிட்ட சொல்ல முடியும்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே முழு மார்க் போடுவேன். யோசித்து ஒரு பெயரைச் சொன்னேன், அன்று சாயங்காலமே அவனைக் கூப்பிட்டேன், அவனும் அந்த வருடம் முழுக்கத் தூங்காமல்தான் கிடந்திருக்கிறான்.

போனிலேயே எல்லாம் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், நேரில் பார்க்க வழி சொல்வார்கள். சின்ன வீட்டில் நெருக்கியடித்து இருப்பவர்களுக்குத் தனியாகப் பேச இடம் கிடைப்பதுதான் கஷ்டம், மொட்டை மாடிக்கோ தெருமுனைக்கோ போய்ப் பேசுங்கள். உயிரை விடலாம் என்று நினைப்பு வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போடாமல் கூப்பிடுங்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண்ணையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்: 044-24640050.